பிரிக்காத டக்

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது வந்து கதவைத் தட்டினால் எனக்குப் பிடிக்காது. பத்திரிகைக் காரியாலயத்தில் வேலை பார்க்கிறவளுக்கு நிதானமாய்க் காப்பி குடிக்கக் கிடைப்பது வாரத்தில் அந்த ஒரு நாள்தான். சென்ற சித்திரையில் ஒரு ஞாயிறன்று, டிகாக்ஷன் இறங்குவதற்கு முன்பே கதவு தட்டப்பட்டது. திறந்தால், கீழ் போர்ஷன் மாமி! புடவைத் தலைப்புக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தாள்.

"ஆத்துல வேறே யாரும் இல்லையே?"

"நான் மட்டும்தான் மாமி. வாங்கோ, உட்காருங்கோ."

மாமி தலைப்பை விலக்கினாள். உள்ளே ஒரு பெரிய டப்பா. அதன் மேலே ஓர் ஒட்டகச்சிவிங்கியின் படம். பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'மூன்றே மாதத்தில் ஆறு அங்குலம்!'

"பையனோட புஸ்தக அலமாரிக்குப் பின்னாலே இருந்தது. விலை என்ன தெரியுமோ? ஆயிரத்து எண்ணூறு ரூபாய்! பிறந்த நாளைக்குத் தாத்தா கொடுத்தது, உண்டியல்லே இருந்தது, எல்லாத்தையும் சேர்த்துப் போன்லேயே ஆர்டர் பண்ணியிருக்கான். மூணு மாசமா எனக்குத் தெரியாம பாலிலே கலந்து குடிச்சிண்டிருக்கான். அது போறாதுன்னு, குளிக்கிற ரூமிலே துண்டு போடற கம்பியைப் பிடிச்சுண்டு தொங்கறான். கம்பிதான் வளைஞ்சுதே தவிர, இவன் ஓர் அங்குலம்கூட நீளலை!"

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமியின் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக் கொண்டேன்.

பையனுக்கு 14 வயது. ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசையில் உயரப்படி நிறுத்துவார்கள் அல்லவா? இரண்டு வருஷமாய் அவனுக்குத்தான் முதல் இடம். கூடப் படிக்கும் பையன்களுக்கு மீசை அரும்பிவிட்டது; குரல் உடைந்துவிட்டது. இவனுக்கு இன்னும் குழந்தைக் குரல். தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். பந்தியில் ஒரு மாமா, "என்னடா, இன்னும் அரை டிக்கெட்தானா? உங்கப்பாவுக்கு ரயில்லே பாதிச் செலவு மிச்சம்!" என்றாராம். பந்தியே சிரித்தது. பையனும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்த மறுநாள்தான் டப்பாவுக்கு ஆர்டர் போயிருக்கிறது.

"பெண்ணாலே எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்று மாமி பெருமூச்சு விட்டாள். "அவளுக்கும் பதிமூணு முடிஞ்சுடுத்து. ஒன்றரை வருஷத்துக்கு முன்னாலே தீபாவளிக்குப் பட்டுப் பாவாடை எடுத்தேன். வளர்ற பெண்ணாச்சேன்னு தையல்காரர்கிட்டச் சொல்லி இரண்டு டக் வெச்சுத் தைச்சேன். இன்னிக்கும் டக்கைப் பிரிக்கலை. கச்சிதமா இருக்கு. செலவு மிச்சம்!"

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அதற்காகத்தான்.

அன்று மாலை மொட்டை மாடியில் பையனைப் பார்த்தேன். டப்பாவைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அவனே கேட்டான்.

"அக்கா, நீங்க நிறையப் படிக்கறவா. நான் இப்படியே நின்னுடுவேனா?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தான். 'போடா அசடு, வளருவே' என்று சொல்லிவிடலாம், சுலபம். ஆனால் அவன் விரும்பியது சமாதானம் அல்ல, பதில். அது என்னிடம் இல்லை. ஆகவே மறு வாரம் மாமி, மாமா, பையன், நான் எல்லோருமாய்க் குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் டாக்டரம்மா ஒருவரிடம் போனோம். வீட்டில் தனியாய் விட வேண்டாமென்று பெண்ணையும் அழைத்துக் கொண்டோம். திரும்பும் வழியில் ஐஸ்கிரீம் என்று ஒப்பந்தம்.

டாக்டரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பையனைச் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தி அளந்தார். 146 சென்டிமீட்டர். பிறகு மாமாவையும் மாமியையும் அதே சுவரில் நிறுத்தினார். மாமிக்கு ஒரே வெட்கம்! மாமா 169, மாமி 154.

"இரண்டையும் கூட்டுங்க. பையனாக இருந்தால் 13 சேர்த்து, பாதியாக்குங்க. பெண்ணாக இருந்தால் 13 கழித்துப் பாதியாக்குங்க" என்றார். கூட்டிப் பார்த்தோம். பையனுக்கு 168 வந்தது. "இது ஜோசியம் இல்லை. இதற்கு மேலேயும் கீழேயும் எட்டு, பத்து சென்டிமீட்டர் வரை போகலாம். ஆனால் உங்க குடும்பத்துக் குழந்தை எந்த வட்டாரத்திலே போய் நிற்கும்னு ஒரு மதிப்பு கிடைக்கும்."

பையனைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய் அப்பாவை மட்டும் கூட வைத்துக் கொண்டு பரிசோதித்தார். பிறகு இடது கையை எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பையனைப் பக்கத்தில் அழைத்தார்.

"எலும்பு நுனியிலே கறுப்பாய் ஒரு கோடு தெரியறது பார். அது விரிசல் இல்லை, குருத்தெலும்புத் தட்டு. எலும்பு நீளறது அங்கேதான். அது மூடிட்டால் அப்புறம் எந்தப் பவுடரும் திறக்காது. உனக்கு அகலமாய்த் திறந்திருக்கு. உனக்கு 14 வயசு. உன் எலும்புக்கு 12 வயசுதான். பருவத்தின் முதல் அறிகுறி உடம்பிலே இப்போதான் ஆரம்பிச்சிருக்கு. உன் ரயில் ரத்தாகலை தம்பி, லேட்டாய் வருது. அவ்வளவுதான்."

பிறகு மாமாவைப் பார்த்து, "நீங்க எப்போ வளர்ந்தீங்க?" என்று கேட்டார்.

மாமா தொண்டையைக் கனைத்துக் கொண்டார். அதிகம் பேசாத மனிதர். "நான்... பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் முதல் பெஞ்சுதான், டாக்டர். காலேஜ் சேர்ந்தப்புறம்தான் திடீர்னு வளர்ந்தேன். முதல் வருஷம் தைச்ச பேண்ட் எல்லாம் இரண்டாம் வருஷம் கணுக்காலுக்கு மேலே போயிடுத்து."

பையன் அப்பாவையே பார்த்தான். "நீங்க சொல்லவே இல்லையேப்பா?"

"நீ கேக்கலையேடா" என்றார் மாமா. பிறகு, அது சரியான பதில் அல்ல என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "எனக்கும் அரை டிக்கெட்னுதான் பேரு" என்று மெள்ளச் சொன்னார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் டப்பா செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது. பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இந்த இடத்தில் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகள் வளரும் கணக்கு நாம் நினைப்பது போல் வருஷத்துக்கு இத்தனை என்று சீராய்ப் போவதில்லை. பிறக்கும்போது குழந்தையின் நீளம் சுமார் 50 சென்டிமீட்டர். முதல் வருஷத்தில் மட்டும் இன்னும் 25 சென்டிமீட்டர் வளருகிறது. அதே வேகத்தில் போனால் பத்து வயதில் பத்தடி உயரம் நிற்கும். வீட்டுக் கூரையைத்தான் பிரிக்க வேண்டும்! நல்ல வேளையாய், வேகம் குறைந்துகொண்டே வந்து, நாலைந்து வயது முதல் வருஷத்துக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டர் என்று நிற்கிறது. பிறகு பருவம் வருகிறது. அப்போது மறுபடி ஒரு பாய்ச்சல்.

பெண்களுக்கு அந்தப் பாய்ச்சல் சாதாரணமாய்ப் பத்து வயதை ஒட்டித் தொடங்கி, பன்னிரண்டையொட்டி உச்சத்துக்குப் போகிறது. அந்த வருஷம் 8 சென்டிமீட்டர்கூட வளருவார்கள். பையன்களுக்கு எல்லாம் இரண்டு வருஷம் தள்ளி. தொடக்கம் பன்னிரண்டில், உச்சம் பதினாலை ஒட்டி, அந்த வருஷம் 9, 10 சென்டிமீட்டர். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் பெண்கள் எல்லாம் அக்கா மாதிரியும் பையன்கள் எல்லாம் தம்பி மாதிரியும் தெரிவது இதனால்தான்.

'பெரியவளாகிவிட்டால் பெண் வளர மாட்டாள்' என்று நம் பாட்டிமார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பெண் வேகமாய் வளருவது பூப்படைவதற்கு முன்பேதான். அதற்குப் பிறகும் இரண்டு வருஷத்தில் சுமாராய் 5 முதல் 7 சென்டிமீட்டர் வளருவாள். ஆகவே மஞ்சள் நீராட்டியதும் எல்லாம் முடிந்துவிட்டதென்று உளுந்தங்களியோடு கவலையையும் சேர்த்துக் கிண்ட வேண்டாம்.

ஆனால் இந்த வயதுகள் எல்லாம் சராசரிதான். 1948-ல் இங்கிலாந்தில் ஹார்ப்பெண்டன் என்ற ஊரிலிருந்த குழந்தைகள் இல்லத்தில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. டாக்டர் ஜேம்ஸ் டானர் என்பவர் அதே குழந்தைகளை வருஷக் கணக்காய்த் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார். இந்த விஷயத்துக்கு அவர் சங்கீதத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக் கொண்டார்: காலப் பிரமாணம். அது நமக்குப் புரியாதா? ஒரே கீர்த்தனையை ஒருவர் சவுக்க காலத்தில் பாடுவார். இன்னொருவர் துரிதமாய்ப் பாடி முடித்துவிடுவார். பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் இருவருக்கும் உண்டு. முன்னால் முடித்தவர் பெரிய பாடகர் என்று யாரும் சொல்வதில்லை. குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நாம் அப்படிச் சொல்லி விடுகிறோம்!

சரி, டாக்டரின் அறைக்குத் திரும்புகிறேன்.

பையன் விஷயம் முடிந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும்; மருந்து எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொண்டிருந்தார். சித்திரை வெயில் ஜன்னலுக்கு வெளியே காய்ந்து கொண்டிருந்தது. எனக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கொண்டிருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த பெண், மாமியின் காதில் ஏதோ சொன்னாள்.

"சும்மா இருடி" என்றாள் மாமி.

"என்னவாம்?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுமில்லை டாக்டர். விசிறியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்றா. அவளுக்கு எப்பவும் இப்படித்தான், குளிர்றதும்பா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தக் குழந்தைக்கு என்ன வயசு?"

"பதிமூணு முடிஞ்சுடுத்து."

"இங்கே வாம்மா, இப்படி நில்லு."

139 சென்டிமீட்டர். சூத்திரத்தின்படி அவளுக்கு 155 வரவேண்டும். ஆனால் டாக்டரம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. "பள்ளிக்கூட ஆரோக்கிய அட்டை இருக்கா? முந்தி அளந்தது ஏதாவது?" என்றுதான் கேட்டார். மாமி அன்று பையனுடைய அட்டையை மட்டும் கொண்டு வந்திருந்தாள். மாமா வீட்டுக்குப் போய்த் தேடி, பெண்ணின் அட்டையைப் போனில் படம் பிடித்து அனுப்பினார். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் 137.

இரண்டு வருஷத்தில் இரண்டே சென்டிமீட்டர்! அந்த வயதில் மற்றப் பெண்கள் பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் வளருகிறார்கள்.

பிறகு டாக்டரம்மா கேட்ட கேள்விகளெல்லாம் ஒவ்வொன்றாய் என்னைக் குத்தின. எப்போதும் தூக்கமா? ஆமாம், மாடிப்படியில் உட்கார்ந்தபடியே தூங்குவாள், நானே பார்த்திருக்கிறேன். மலச்சிக்கல்? உண்டு. தோல் வறட்சி? உண்டு. படிப்பில் மந்தம்? "போன வருஷம் வரைக்கும் நன்னாத்தான் வாங்கினா..." என்று மாமி இழுத்தாள். வீட்டில் யாருக்காவது தைராய்டு? "என் தங்கை மாத்திரை சாப்பிடறா" என்றாள் மாமி. குரல் உள்ளே போய்விட்டது.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சந்தேகப்பட்டது சரியாய்ப் போயிற்று. கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பியை, உடம்பின் காவல் படையே எதிரி என்று நினைத்துத் தாக்கிக் கொண்டிருந்தது. பெண்களுக்கு இது அதிகமாய் வருகிறது. சுரப்பி தளர்ந்தால் குழந்தையின் வளர்ச்சி நின்றே போகும்; பருவமும் தள்ளிப் போகும். சாதம் குறையாது, உடம்பு மெலியாது. பார்த்தால் சற்றுப் பூசினாற் போலக்கூட இருக்கும். ஆகவே தாய்க்குச் சந்தேகமே வராது. அதற்கு மருந்து விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை. அதிக விலையும் இல்லை. "இன்னும் இரண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தா, இழந்த உயரத்தைத் திரும்பப் பிடிக்க நேரம் போதாமல் போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா.

ஆட்டோவில் திரும்பும்போது மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும்தான் சொன்னாள்: "டக்கைப் பிரிக்கலைன்னு பெருமையாச் சொல்லிண்டிருந்தேனே!"

நானும்தான் சிரித்தேன் மாமி, என்று சொன்னேன். சித்திரை மாதத்தில் விசிறியை நிறுத்தச் சொல்லும் பெண்ணை ஒரு வருஷமாய் நான் தினமும் பார்த்து வந்தேன். 'அடடா, ஊட்டியில் பிறந்திருக்க வேண்டியவள்!' என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். பையன் குள்ளமாய் இருந்தால் வீடே கவலைப்படுகிறது. பெண் குள்ளமாய் இருந்தால், 'அடக்கமாய், அழகாய் இருக்கிறாள். நாளைக்கு மாப்பிள்ளை தேடச் சிரமமில்லை' என்று திருப்திப்படுகிறது. பையன் தன் குறையைத் தானே காட்டினான். கம்பியில் தொங்கினான், டப்பா வாங்கினான். பெண்ணோ ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. தொந்தரவு கொடுக்காத குழந்தையை நாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இருவரில் டாக்டர் அவசியமாய் இருந்தது அவளுக்குத்தான்.

இனி, அந்த ஒட்டகச்சிவிங்கி டப்பா. நம் நாட்டில் 1954-ல் மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. இன்ன இன்ன குறைகளைப் போக்குவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. மனிதரின் உயரமும் அதில் ஒன்று. அன்றைக்குத் தபாலில் வந்த லேகியம் இன்றைக்குப் போன் திரையில் பவுடராய் வருகிறது, வித்தியாசம் அவ்வளவுதான். எலும்பு நுனித் தட்டை நீட்டும் பவுடர் கிடையாது. கம்பியில் தொங்கினால் தோள் உறுதியாகும், உயரம் கூடாது.

"அப்படியானால் ஊசி போட்டால் வளரலாமாமே?" என்று சில சகோதரிகள் கேட்கலாம். வளர்ச்சி ஹார்மோன் ஊசி ஒன்று உண்டு. 1958-ல் அமெரிக்காவில் மாரிஸ் ராபென் என்ற டாக்டர், இறந்தவர்களின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோனைக் கொடுத்து ஒரு பையனை வளர வைத்ததாய் அறிவித்தார். பிற்பாடு, அவ்விதம் எடுத்த மருந்து மூலம் சிலருக்கு உயிரைப் பறிக்கும் மூளை நோய் தொற்றியது தெரிந்து, 1985-ல் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். அதே வருஷம் ஆய்வுக்கூடத்தில் தயாராகும் ஹார்மோன் அங்கே அனுமதி பெற்றது. கால்பந்து வீரர் லயனல் மெஸ்ஸி சிறு வயதில் எடுத்துக் கொண்டது இந்த ஹார்மோன் ஊசியைத்தான். அவருக்கு உண்மையிலேயே அந்தச் சுரப்புக் குறைவு இருந்தது. அப்படிக் குறைவு உள்ளவர்களுக்கும், டர்னர் கோளாறு போன்ற வேறு சில காரணங்களுக்கும் டாக்டர் பரிசோதித்துக் கொடுப்பது அது. தாமதமாய் வளரும் பையனுக்கோ, குட்டையான அப்பா அம்மாவுக்குப் பிறந்து நன்றாய் வளர்ந்து வரும் குழந்தைக்கோ, அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேட்டுப் போடும் டானிக் அல்ல.

வீட்டில் நாம் செய்யக் கூடியது என்ன? மூன்று காரியங்கள்.

முதலாவது, சாப்பாடு. பருப்பு, பால், தயிர், முட்டை, நிலக்கடலை, கீரை என்று சாதாரண ஆகாரமே போதும். ஆனால் அது பையன் தட்டில் விழுவது போலப் பெண் தட்டிலும் விழ வேண்டும். இரண்டாவது, தூக்கம். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாய்ச் சுரப்பது இரவில் ஆழ்ந்து தூங்கும்போதுதான். நடு ராத்திரி வரை போர்வைக்குள் போனை வைத்துக் கொண்டிருக்கும் குழந்தைக்கு நாம் எத்தனை டம்ளர் பால் கொடுத்து என்ன?

மூன்றாவது, அளப்பது. இதற்கு ஒரு பென்சிலும் சுவரும் போதும். 1759-ல் பிரான்ஸ் தேசத்தில் மோன்பெயார் என்ற பிரபு, தமக்குப் பிறந்த மகனை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளந்து குறிக்கத் தொடங்கினார். மகனுக்குப் பதினெட்டு வயதாகும் வரை விடவில்லை. பிறந்தது முதல் வளர்ந்து முடியும் வரை ஒரே குழந்தையை அளந்த முதல் கணக்கு என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பிரபுவிடம் எக்ஸ்ரே இல்லை. ரத்தப் பரிசோதனை இல்லை. விடாமுயற்சி ஒன்றுதான் இருந்தது.

நீங்களும் செய்யலாம். செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படும்படி குழந்தையை நிறுத்துங்கள். பின்னலோ கொண்டையோ இருந்தால் அவிழ்த்து விடுங்கள். பார்வை நேராய் இருக்கட்டும். தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு சேர்த்து மட்டமாய் வைத்து, அதன் அடியில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். எப்போதும் ஒரே வேளையில் அளவெடுப்பது நல்லது. காலையில் எழுந்ததும் இருப்பதைவிட மாலையில் எல்லோருமே ஒரு சென்டிமீட்டர்வரை குறைந்து போகிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு கோடு போதும். ஒவ்வொரு வாரமும் அளந்தால் குழந்தைக்குப் பயம்தான் வளரும்!

கோடு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதைவிட, இரண்டு கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் முக்கியம். நாலு வயதுக்கு மேல், பருவம் வருவதற்கு முன், ஒரு வருஷத்தில் 4 சென்டிமீட்டர்கூட வளராத குழந்தையை டாக்டரிடம் காட்டுங்கள். பெண்ணுக்கு 13 வயது முடிந்தும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, 15 முடிந்தும் மாதவிலக்கு வரவில்லை என்றாலும், பையனுக்கு 14 முடிந்தும் பருவ அறிகுறி எதுவும் தெரியவில்லை என்றாலும் காட்ட வேண்டும். பெண்ணுக்கு எட்டு வயதுக்கு முன்னும் பையனுக்கு ஒன்பது வயதுக்கு முன்னும் பருவம் தொடங்கினாலும் அப்படியே. சீக்கிரம் உயர்ந்துவிட்டானே என்று மகிழ்ந்து கொண்டிருக்கும்போதே எலும்புத் தட்டு சீக்கிரம் மூடி, கடைசியில் குள்ளமாய் நின்று விடுவார்கள்.

இதையெல்லாம் செய்தும், சில குழந்தைகள் குள்ளமாகவே இருப்பார்கள். உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது. லால் பகதூர் சாஸ்திரியும் அறிஞர் அண்ணாவும் உயரத்தில் குறைந்தவர்கள்தான். பந்தியில் உட்கார்ந்து, 'அரை டிக்கெட்' என்று அழைக்கும் மாமாவுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். குழந்தை கூடச் சேர்ந்து சிரிக்கிறதே என்று நினைக்காதீர்கள். அதற்கு வேறு வழியில்லாமல் சிரிக்கிறது.

ஆறு மாதம் ஓடிப் போயிற்று. தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் மறுபடி கதவு தட்டப்பட்டது. மாமிதான். இந்தத் தடவை தலைப்புக்குள் எதையும் மறைக்கவில்லை. கையில் பட்டுப் பாவாடை.

"உங்கிட்டப் புது பிளேடு இருக்கோ? எங்காத்துல ஒண்ணும் கூரா இல்லை."

விளக்கடியில் உட்கார்ந்து, பட்டு கிழியாமல் ஒவ்வொரு தையலாய் அறுத்தாள். மடிப்பு விரிந்த இடத்தில் பச்சை நிறம் புதுசாய் இருந்தது. பெண் ஆறு மாதத்தில் 4 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். விசிறிக்கு நேராய் உட்காருகிறாள். பையன் 3 சென்டிமீட்டர். பிரார்த்தனை வரிசையில் இன்னும் முதல் இடம்தான். ஆனால் கம்பியில் தொங்குவதை விட்டுவிட்டான். வாசல் நிலையில் பென்சில் கோடு போடும் உத்தியோகம் இப்போது அவனுடையது. தங்கையின் கோட்டைத் தன் கோட்டைவிட ஜாக்கிரதையாய்ப் போடுகிறான்.

"அந்த டப்பா என்ன ஆச்சு மாமி?" என்று கேட்டேன்.

"நல்ல கெட்டி டப்பாடி, தூக்கி எறிய மனசு வரலை. வெந்தயம் போட்டு வெச்சிருக்கேன்" என்றாள். பிறகு பிளேடைக் கீழே வைத்துவிட்டு, "இரண்டாவது டக்கை இப்போ பிரிக்க வேண்டாம், இல்லையா? அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்" என்றாள்.

சகோதரிகளே! இன்றைக்கு உங்கள் அலமாரியைத் திறக்கும்போது, சென்ற வருஷம் எடுத்த உடுப்பு இன்னும் அப்படியே பொருந்துகிற குழந்தை யாராவது உங்கள் வீட்டில் உண்டா என்று ஒரு நிமிஷம் பாருங்கள். செலவு மிச்சம் என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தி ஒரு கோடு போட்டு வையுங்கள்.